இருபதுக்கு மூன்று

நாங்கள் நடத்திய தென்காசி வட்டாரக் கால்பந்து லீக்கில் பன்னிரண்டு ஊர்கள் ஆடின. குத்துக்கல்வலசை நான்கு முறை கோப்பை வாங்கியது. குற்றாலத்தை அதன் சொந்த மைதானத்தில் ஜெயிப்பது பெரும்பாடு, ஏனென்றால் அங்கே வருஷம் பூரா சாரல் அடிக்கும்படி நான் செய்துவைத்திருந்தேன். வாசுதேவநல்லூருக்கு நல்ல கோல்கீப்பர், மோசமான தலையெழுத்து. இதில் ஒன்றுகூட நிஜத்தில் நடந்ததில்லை. எல்லாம் தென்காசியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையின் பின்னறையில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் நடந்தது. அந்த லீக்கால் எனக்குக் கூடிவந்த ஒரு கல்யாணம் நின்றுபோனது. அது மட்டும் நிஜம்.

கடை என் நண்பனுடையது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச், கல்லூரிக்கு ஒரே பஸ். குத்துக்கல்வலசை அணியில் அவன் கோல்கீப்பர், நான் நடுக்களம். வேலை என்று வந்தபோது அவன் கடை வைத்தான், நான் ஊர் எல்லையில் உள்ள டைல்ஸ் ஷோரூமில் விற்பனைக்கு நின்றேன். குத்துக்கல்வலசையில் திரும்பின பக்கமெல்லாம் வீடு முளைக்கிறது. நாங்கள் பந்து ஆடிய இடத்திலும் முளைத்தது. அந்த வீடுகள் சிலவற்றுக்கு பாத்ரூம் டைல்ஸ் விற்றதே நான்தான். மைதானம் போனபிறகு அணி பொங்கலுக்குப் பொங்கல் கூடி, இரவல் மைதானத்தில் ஒரு டோர்னமென்ட் ஆடிவிட்டுக் கலைந்துவிடும். மற்ற ஊர்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். இதற்காகக் கண்ணீர் விடுகிற ஆள் நான் இல்லை. பிளாட் போட்டவன் போட்டான், வாங்கினவன் வாங்கினான்.

அந்தச் சமயத்தில்தான் நண்பன் ஒரு கேமைக் கொண்டுவந்தான். அதில் நாம் பந்தை உதைக்க முடியாது. நாம் மேனேஜர். யாரை இறக்குவது, யாரை வாங்குவது, யாரை விற்பது என்று தீர்மானித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவேண்டும். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக்கொள்ளும். சீசன்கள் ஓடும், ஆட்டக்காரர்களுக்கு வயதாகும், ஓய்வு பெறுவார்கள், புதுப் பையன்கள் வருவார்கள். உலகத்தில் உள்ள லீக்கெல்லாம் அதில் இருந்தது, எங்கள் ஊர் இல்லை. இல்லாததைச் சேர்த்துக்கொள்ள ஓர் எடிட்டரும் கூடவே கொடுத்திருந்தார்கள்.

"நம்ம ஊரைப் போட்டா என்னலே?" என்றான் நண்பன்.

மைதானம், மழை, சட்டதிட்டம் எல்லாம் என் பொறுப்பு. ஆட்டக்காரர்கள் அவன் பொறுப்பு. பொங்கல் டோர்னமென்டில் ஆடிய அத்தனை பையன்களையும் நிஜப் பெயரோடு உள்ளே ஏற்றினான். ஒவ்வொருத்தனுக்கும் வேகம், தலையால் முட்டுவது, நிதானம், முன்கோபம் என்று ஏகப்பட்ட குணங்கள் உண்டு. ஒவ்வொரு குணத்துக்கும் இருபதுக்கு இத்தனை என்று மார்க். கேம் ஓட ஆரம்பித்தபிறகு இந்த மார்க்கை நடுவில் திருத்துவதற்கும் ஒரு வசதி இருந்தது. அதை ஆரம்பத்திலேயே நிரந்தரமாகப் பூட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். பன்னிரண்டு ஊர்க்காரர்கள் சம்பந்தப்பட்ட விஷயம், பின்னால் எவனும் களவாணித்தனம் என்று வாய் திறக்கக் கூடாது பாருங்கள். பூட்டினோம். அதற்குமேல் ஒரு மார்க்கைத் திருத்தவேண்டும் என்றால் மொத்த லீக்கையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது ஒன்றுதான் வழி.

வாட்ஸப்பில் குரூப் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டக்காரனின் மார்க்கையும் போட்டோவோடு ஓர் அட்டையாகச் செய்து நண்பன் போட்டுவிட்டான். அன்றைக்கே சண்டை தொடங்கியது. செங்கோட்டைக்காரன் ஒருவன் தன் வேகத்துக்குப் பதினொன்றுதானா என்று கேட்டுக்கொண்டு வந்து, கடைக்கு முன்னால் ரோட்டில் ஓடிக்காட்டினான். அவனுக்கு வழிவிட்டு ஒரு மினிபஸ் நின்றது. இலஞ்சிப் பையன் ஒருவனுக்கு முன்கோபம் பதினெட்டு என்று போட்டிருந்ததை அவன் அம்மா பார்த்துவிட்டு, "சரியாத்தான போட்டிருக்கான்" என்று சொன்னாளாம். அதைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இந்த அட்டைகளை ஊரில் உள்ள பெரியவர்களும் படிக்கிறார்கள், படித்து நம்பவும் செய்கிறார்கள் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆட்டம் ஓடும். ஊருக்கு ஒரு மேனேஜர் வந்து உட்கார்ந்திருப்பார். ஆய்க்குடிக்கு மேனேஜர் அரிசிக் கடை அண்ணாச்சி. ஐம்பதைத் தாண்டியவர், வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டவர் இல்லை. ஆனால் ஆய்க்குடி ஆடுகிற நாளில் கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுந்து வந்துவிடுவார். எதிரணி கோல் போட்டால் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்வார், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார். ஜூன், ஜூலையில் மட்டும் லீக்குக்கு விடுமுறை. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கும், அருவியில் நனைந்த செல்போனோடு வெளியூர்க்காரர்கள் கடை வாசலில் நிற்பார்கள், நண்பனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

என் அட்டைக்கு வருகிறேன். பாஸ் பதினாறு, உழைப்பு பதினேழு, லாயல்டி மூன்று. லாயல்டி என்றால் விசுவாசம், இருக்கிற அணியை விட்டுப் போகாத குணம். மூன்று என்றால் கதவைத் திறந்துவைத்தால் போய்விடுவான் என்று அர்த்தம். போய்விட்டேன். முதல் சீசன் முடிந்ததும் செங்கோட்டைக்குப் போனேன். அங்கிருந்து கடையநல்லூர், அங்கிருந்து குற்றாலம், மறுபடியும் செங்கோட்டை. குரூப்பில் எனக்கு ஓடுகாலி என்று பெயர் விழுந்தது. "ஓடுகாலி இன்னைக்கு எந்த ஊர்லே?" என்று கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

நிஜத்தில் நான் எங்கேயும் போனதில்லை. புனலூர்ப் பக்கத்து செவன்ஸ் அணி ஒன்று என்னைக் கூப்பிட்டது. ஏழு பேர் ஆடுகிற அந்த ஆட்டத்துக்கு அங்கே நல்ல கூட்டம், நல்ல பெயர். போகவில்லை. எங்கள் ஷோரூமுக்கு எதிரிலேயே பெரிதாக இன்னொரு ஷோரூம் திறந்து, வாங்க என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். அதற்கும் போகவில்லை. இதெல்லாம் என் நண்பனுக்குத் தெரியும், மார்க் போடும்போதும் தெரிந்திருந்தது. ஆனாலும் நான் அப்போது எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். கேம்தானே என்று இருந்துவிட்டேன்.

முப்பத்திரண்டு வயதாகியும் எனக்கு ஓர் இடமும் அமையவில்லை. செவ்வாய் என்றார்கள். டைல்ஸ் கடையா என்று இழுத்தார்கள். ஒரு வீட்டில் மாப்பிள்ளை போட்டோவில் கொஞ்சம் வெளுப்பாக இருந்தாரே என்றார்கள். அப்படியிருக்க, ஆய்க்குடித் தரகர் ஒருவர் வாசுதேவநல்லூர் இடத்தைக் கொண்டுவந்தார். ஜாதகம் பொருந்தியது. பெண்ணின் அப்பாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. பெண் கடையநல்லூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் டெக்னீஷியன். பெண் பார்க்கப் போனோம். எலுமிச்சை வியாபாரி வீட்டில் எங்களுக்குக் கிடைத்தது பாட்டில் கூல்டிரிங்க்ஸ். என்னையும் அவளையும் ஓர் அறையில் பேச விட்டார்கள், வாசலில் நாலைந்து காதுகள் நின்றன.

"பந்து வெளையாடுவீங்களாமே. கோல் போடுவீங்களா?" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"இல்ல. கோல் போடுதவனுக்குப் பந்து குடுப்பேன்."

"அப்பம் பேரு அவனுக்கு, ஓட்டம் ஒங்களுக்கா?" என்று சிரித்தாள்.

இத்தனை வருஷம் ஆடியிருக்கிறேன், என் ஆட்டத்தை இவ்வளவு சுருக்கமாக ஒருத்தரும் சொன்னதில்லை. எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. போனில் பேசிக்கொள்ள இரண்டு வீட்டிலும் சம்மதித்தார்கள். அவள் பெரும்பாலும் லேப்புக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்வாள், ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்த மீசைக்காரர் ஒருவரைப் பற்றி. நான் டைல்ஸ் வாங்க வந்து மார்பிள் விலை கேட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றிச் சொல்வேன். போனை வைத்தபிறகும் சிரித்துக்கொண்டு இருப்பேன். மற்ற இடங்கள் தட்டிப்போனபோது எனக்குப் பெரிதாக வருத்தம் இருந்ததில்லை. இது கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று முதல்முறையாகப் பயந்தேன்.

பெண் கொடுப்பதற்கு முன்னால் எங்கள் பக்கம் மாப்பிள்ளையை விசாரிப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வரும். டீக்கடையில் ஒரு டீ, சலூனில் ஒரு ஷேவிங், பிறகு மாப்பிள்ளைக்கு நெருங்கிய சிநேகிதன் யார் என்று தெரிந்துகொண்டு அவனிடம் போய் ஒன்றும் தெரியாத மாதிரிப் பேச்சைக் கொடுப்பார்கள். அவளுடைய தாய்மாமா என் நண்பன் கடைக்கு வந்து, போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டச் சொன்னார். ஒட்டுகிற நேரத்தில் குத்துக்கல்வலசையில் இன்னார் மகனைத் தெரியுமா என்று கேட்டார். நண்பனுக்கு உடனே புரிந்துவிட்டது.

"தங்கமான பையன் அண்ணாச்சி. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஒரு எடத்துல நின்னான்னா நின்னதுதான்" என்று சொல்லியிருக்கிறான்.

மனசாரத்தான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கிளாஸுக்குக் காசுகூட வாங்கவில்லையாம். அந்த மரியாதையே அந்த மனுஷருக்கு நெருடியிருக்கும் என்று இப்போது படுகிறது.

மாமா வாசுதேவநல்லூருக்குத் திரும்பிப் போய் விசாரித்த விவரத்தை வீட்டுக் கூடத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அப்போது அவளுடைய சித்தப்பா மகன் அங்கே இருந்திருக்கிறான். வாசுதேவநல்லூர் அணியின் கோல்கீப்பர் அவன்தான், எங்கள் குரூப்பிலும் இருக்கிறான். "யாரு, நம்ம ஓடுகாலியா? அவருக்கு லாயல்டி மூணுல்லா!" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். போனை எடுத்து அட்டையையும் காட்டியிருக்கிறான். இது யார் போட்ட மார்க் என்று மாமா கேட்டிருக்கிறார். நீங்க கிளாஸ் ஒட்டுன கடைக்காரர்தான் என்று இவன் சொல்லியிருக்கிறான்.

தரகர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, என்னமோ பந்து வெளையாட்டுல ஒங்களுக்கு விசுவாசம் மூணு மார்க்காம்லா? பாஸ் மார்க் எவ்வளவு?"

அது கேம் அண்ணாச்சி, சும்மா பொழுதுபோக்கு என்று சொன்னேன்.

"நானும் அப்படித்தான் சொன்னேன். மாமாக்காரரு ஒரு கேள்வி கேக்காரு. 'நான் போயிக் கேட்டா சிநேகிதன் நல்லவன்னுதான் சொல்லுவான். யாரும் கேக்காதப்ப அதே ஆளு மூணுன்னு எழுதி வச்சிருக்கான். எதை நான் நம்பட்டும்?' எனக்குப் பதில் சொல்லத் தெரியல தம்பி."

எனக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. உள்ளே எரிந்துகொண்டு வந்தது. டீக்கடைக்காரர் சொன்னதை நம்பமாட்டார்கள், சலூன்காரர் சொன்னதை நம்பமாட்டார்கள், பதினைந்து வருஷமாக ஒரே ஊரில் ஒரே அணியில் ஆடினதை நம்பமாட்டார்கள். கட்டத்துக்குள் ஒரு எண்ணை எழுதிக்கொடுத்தால் நம்புவார்கள். ஜாதகத்தில் ஆரம்பித்த பழக்கம், எந்தக் கட்டமாக இருந்தாலும் சரி.

நேரே கடைக்குப் போனேன். நண்பன் ஒரு போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான்.

"எதுக்குலே எனக்கு மூணு போட்ட?"

முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். தரகர் சொன்னதைச் சொன்னேன்.

"ஆரம்பத்துல எல்லாருக்கும் பத்து, பன்னெண்டுன்னு போட்டு ஓட்டிப் பாத்தேன்லே. ஒருத்தனும் ஊரை விட்டு நகர மாட்டேங்கான். வாங்க விக்க ஆளே இல்ல. லீக்கு அப்படியே தேங்கிப்போச்சு. யாராவது ஒருத்தன் ஓடணும்லா."

"அந்த ஒருத்தன் நானா?"

"வேற யாருக்குப் போட்டாலும் கடைக்கு வந்து சண்டை பிடிப்பான். நீதாம்லே கோவிச்சுக்க மாட்ட."

இதை அவன் சமாதானமாகத்தான் சொன்னான். எனக்கு அதைக் கேட்டபோதுதான் நிஜமான கோபம் வந்தது. நெருக்கமானவனுக்கு எங்கள் ஊரில் கிடைக்கிற மரியாதை இதுதான். வந்த விருந்தாளிக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு, நம்மைப் பார்த்து நீ தரையில உக்காருலே என்பார்கள். நம்மாளு ஒன்றும் நினைக்கமாட்டான் என்பார்கள். நினைக்கமாட்டான் என்று இவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் நாம் வாயைத் திறந்தால் நம்மாளே இப்படிப் பேசலாமா என்பார்கள்.

"பத்தா மாத்து. எனக்கு இருபதெல்லாம் வேண்டாம். பத்து போதும்."

"எப்படி மாத்த? பூட்டச் சொன்னது ஆரு? மொத்தத்தையும் அழிச்சாத்தான் உண்டு. பத்து சீசன்லே. நான் ஒருத்தன் முடிவு பண்ண முடியுமா? குரூப்ல கேப்போம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லா ஊர் மேனேஜர்களும் இருக்கும்போது நான் எழுந்து நின்று, எனக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறது, இந்த மூன்றால் அது நிற்கிறது, லீக்கைப் புதிதாகத் தொடங்கவேண்டும் என்று சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பதை அங்கே யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. முந்தின மாதம்தான் ஆய்க்குடி முதல்முறையாகக் கோப்பை வாங்கியிருந்தது. அரிசிக் கடை அண்ணாச்சி கடை வாசலில் எல்லாருக்கும் லட்டு கொடுத்திருந்தார். அவர்தான் முதலில் பேசினார்.

"தம்பி, ஒம்ம கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா கல்யாணத்துக்கு வேற எடம் வரும். ஆய்க்குடிக்கு இன்னொரு கப்பு வருமா, சொல்லும்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சுரண்டைக்காரர் அண்ணாச்சி சொல்லுறது நியாயம்தான் என்றார். செங்கோட்டைக்காரன், நான் இப்போது அவன் அணியில் இருப்பதாகவும், நல்ல ஃபார்மில் இருப்பதாகவும் சொன்னான். வாசுதேவநல்லூர்ப் பையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "நான் வேணும்னு சொல்லலண்ணே" என்றான். அழிக்கலாம் என்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கினேன். கொஞ்சம் பொறுத்து நண்பன் தூக்கினான். வேறு கை எதுவும் எழவில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு கோப்பைக்கு இருக்கிற மதிப்பு, எதிரில் நிற்கிற எனக்கு இல்லை. பிறகு வழக்கம்போல ஆட்டத்தை ஓட்டச் சொன்னார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, ஷோரூமில் இருக்கும்போது நண்பன் கூப்பிட்டான். குரல் குதித்தது. "குரூப்பைப் பாருலே."

பார்த்தேன். யாரிடமும் சொல்லாமல் மொத்த லீக்கையும் அழித்திருந்தான். பத்து சீசன், ஆய்க்குடியின் கோப்பை, எங்கள் நான்கு கோப்பைகள், எல்லாம் போயிருந்தன. புது லீக்கில் என் புது அட்டை. லாயல்டி இருபது. அதற்குக் கீழே, 'இந்த லீக்கிலேயே இருபது வாங்கிய ஒரே ஆள்' என்று எழுதிப் பூங்கொத்துப் படம் வேறு போட்டிருந்தான். ஆய்க்குடி அண்ணாச்சி குரூப்பை விட்டு வெளியேறினார். பின்னாலேயே சுரண்டை, இலஞ்சி. மாப்பிள்ளைக்கு ஊர்ச் சீதனமா என்று எவனோ எழுதினான். ஞாயிற்றுக்கிழமை நண்பன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் காத்திருந்தான். நானும் அவனும்தான் இருந்தோம். வருவானுவ, வருவானுவ என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருத்தரும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

"பத்துன்னுதானல கேட்டேன்?" என்றேன்.

"ஒனக்கு எப்படிலே பத்து போட? மனசு வரல" என்றான்.

அவனைத் திட்ட முடியவில்லை. அவனுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்த லீக், அதை எனக்காகத் தன் கையால் அழித்திருந்தான். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன்.

அந்த வாரமே தரகர் என் ஜாதகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். காரணம் கேட்டதற்கு, வேண்டாம்னு சொல்லிட்டாவ என்பதோடு முடித்துக்கொண்டார். நான் அவளுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். "நாளைக்கு மத்தியானம் லேப் பக்கம் வாங்க. நேர்ல சொல்லுதேன்" என்றாள். நண்பன் கடையைச் சாத்திவிட்டுத் தன் பைக்கில் என்னைக் கடையநல்லூருக்குக் கூட்டிப்போனான். எதிர்ச்சாரியில் டீக்கடையில் இருக்கேன், நீ நல்லபடியா பேசிட்டு வா என்று அனுப்பினான்.

அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே படியிறங்கி வந்தாள். லேப் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று பேசினோம்.

"மூணுன்னு எங்க தம்பி சொன்ன அன்னைக்கு நான் சிரிச்சிட்டேன்" என்றாள். "மாமா ஒரு கேள்வி கேட்டாவல்லா, அதுக்கும் நான்தான் பதில் சொன்னேன். கூடவே இருக்கவன் வெளையாட்டுக்கு என்னவும் எழுதுவான் மாமா, ஒரு பொண்ணோட வாழ்க்கைன்னு தெரிஞ்சு கேக்கும்போதுதான் யோசிச்சுச் சொல்லுவான்னு சொன்னேன். மாமா சரின்னுட்டாவ. அப்பாவும் பாதி எறங்கி வந்துட்டாவ."

நான் தேடிக்கொண்டிருந்த பதில் அவளிடம் இருந்திருக்கிறது.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"அப்புறம் இருபதுன்னு வந்துச்சு. ஊரெல்லாம் கூட்டிவச்சுக் கேட்டீங்களாம், ஒங்களுக்காக எல்லாத்தையும் அழிச்சாங்களாம். தம்பி வந்து சொன்னான். 'ஒண்ணும் இல்லாததுக்கா ஒருத்தன் இவ்வளவு பாடுபடுவான்?'னு அப்பா கேட்டாவ. அதுக்கு எனக்குப் பதில் தெரியல."

"நான் பத்துதான் கேட்டேன். இருபது அவனாப் போட்டது."

"பத்துன்னு வந்திருந்தாக்கூட நான் பேசியிருப்பேன்" என்றாள். "இங்க தெனமும் ஒருத்தராவது வந்து, சுகரைக் கொஞ்சம் கொறைச்சு எழுதித் தாங்க, வீட்ல ஏசுவாவன்னு கேக்காவ. பாவமாத்தான் இருக்கும். ஆனா அப்படிக் கேட்டவங்களுக்கு அடுத்த தடவை நெசமாவே கொறைஞ்சிருந்தாலும் வீட்ல நம்ப மாட்டாவ. ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

எனக்கு இருந்தது. அவள் அப்பா மேல், மாமா மேல், ஆய்க்குடி அண்ணாச்சி மேல், வெள்ளைக் கோட்டோடு இவ்வளவு நிதானமாக நிற்கிற அவள் மேலும்தான். இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நீங்கதான் கேக்கல" என்றாள் அவள். "மூணுன்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா? ஊர்ல எல்லார்ட்டயும் கேட்டீங்க. என்கிட்ட மட்டும் கேக்கல."

அவளுக்கு மறுபடி உள்ளே போக நேரமாகிவிட்டது. வாரேன் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை ராஜபாளையம் பக்கம் என்று கேள்விப்பட்டேன்.

டீக்கடையில் நண்பன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றான். "என்னலே சொன்னா?"

"அவ அப்பாவுக்கு இஷ்டம் இல்லையாம்" என்றேன்.

தென்காசி வந்து சேருகிறவரை பைக்கில் அவளுடைய அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தான். அன்றைக்கு மட்டும் இல்லை, இப்போதும் அந்தப் பேச்சு வந்தால், "நான் போட்ட அந்த மூணாலதாம்லே எல்லாம். பொறவு இருபது போட்டும் அவனுவ மனசு எறங்கலியே" என்கிறான். அவன் போட்ட மூன்றை அவள் ஒருத்தியாக நின்று சமாளித்துவிட்டிருந்தாள், கெடுத்தது எனக்காக ஆசையாக அவன் போட்ட அந்த இருபதுதான். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. நல்ல மனசால் சொல்லாமல் இருக்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். எத்தனையோ தடவை நாக்கின் நுனி வரைக்கும் வந்திருக்கிறது. சொன்னால் அவன் அழுவான். பக்கத்தில் உட்கார்ந்து, போனாப் போகுதுலே என்று நான்தான் அவனைத் தேற்றவேண்டி வரும், அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.